ரோஜா ஆடவில்லை

போன சனிக்கிழமை ஒரு குதிரை, சொன்ன பேச்சைக் கேட்டு அசையாமல் நின்றது. அதற்காக ஒரு பெண் அழுதாள்.

குழப்பமாக இருக்கிறதா? பக்கத்திலேயே நின்றிருந்த எனக்கே சட்டென்று விளங்கவில்லை. இந்த வாரம் முழுக்க அதே நினைப்பு. சாம்பாருக்கு உப்புப் போட்டதை மறந்து இன்னொரு தடவை போட்டு, வீட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். எழுதினாலாவது மனசு ஆறுமா என்று பார்க்கிறேன்.

முதலில், எனக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்? நியாயமான கேள்விதான். தெருநாய் வாலை ஆட்டினாலே எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறவள் நான். இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்கு அது தெரியும்.

எல்லாம் ஜெயராணியால் வந்தது. ராயபுரத்தில் எங்களுக்கு அடுத்த தெரு. காலை நடைக்கு எனக்குத் துணை. அவள் கணவர் செல்வின் அண்ணாச்சிக்குச் சாத்தாங்காட்டில் இரும்புக் கடை. நாசரேத் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே வேரூன்றிவிட்ட குடும்பம். எர்ணாவூர் தாண்டி அவர்களுக்கு ஒரு பெரிய யார்டு இருக்கிறது. ஒரு காலத்தில் இரும்புத் தகடு அடுக்கிவைத்த இடம். இப்போது அங்கே மூன்று குதிரைகள் நிற்கின்றன — மாற்றுத் திறனாளிகளுக்கான குதிரை சவாரிக்கு.

அண்ணாச்சியின் மகனுக்குச் சின்ன வயதில் கால் தசைகள் பலவீனம். குதிரை மேல் உட்காரவைத்தால் இடுப்பும் முதுகும் பலப்படும் என்று யாரோ ஒரு டாக்டர் சொல்ல, இவர் போய்க் குதிரையையே வாங்கிவிட்டார். மகன் தேறி, வளர்ந்து, கோயம்புத்தூரில் படிக்கிறான். குதிரை என்றாலே அவனுக்கு அலுப்பு. லீவில் வந்தாலும் யார்டுப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை. ஆனால் அதற்குள் கேள்விப்பட்டு மற்றவர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். பேசாத குழந்தைகள், நடக்காத குழந்தைகள், பெரியவர்கள்... துறைமுகத்தில் வேலை பார்த்த, கண் தெரியாத ஒரு பெரியவர் வருவார். ஏறி உட்கார்ந்ததும், "மேல காத்து வேற மாதிரி கீதும்மா" என்பார். அதற்காகவே வருகிறாராம்.

அண்ணாச்சிக்கு எதையும் இரும்பில் செய்தால்தான் நம்பிக்கை. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு குதிரை முதுகு உயரத்துக்குப் போக ஒரு சாய்தளம் — இரும்பு. அதற்குக் கைப்பிடி — இரும்பு. பெயர்ப்பலகைகூட இரும்பு. சித்திரை பிறந்துவிட்டால் அந்தச் சாய்தளத்தில் தோசை வார்க்கலாம்.

"மரத்துல செஞ்சிருக்கலாமே அண்ணாச்சி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மரத்த எப்படிக்கா நம்புதது? கரையான் அரிச்சிரும்லா" என்றார்.

ஆகவே கோடையில் அதன் மேல் கோணிப்பைகளை விரித்து, தண்ணீர் ஊற்றி நனைத்துக்கொண்டே இருக்கவேண்டும். குதிரையைத் தொடப் பயப்படுகிற எனக்கு ஜெயராணி கொடுத்த வேலை அதுதான். மூன்று கோடையாகப் பார்க்கிறேன். கையில் ஹோஸ் பைப், தலையில் துண்டு, சாய்தளத்தின் மேல் நான். அங்கிருந்து பார்த்தால் யார்டு முழுவதும் தெரியும்.

கோடையில் அங்கே எல்லாமே வெயிலைக் கேட்டுத்தான் நடக்கும். காலையில் மணல் சூடாகும் முன் ஒரு சுற்று. அப்புறம் கடல்காற்று வந்து, வெயில் இறங்கிய பிறகு மாலையில் ஒரு சுற்று. கொள்ளு உடம்புக்குச் சூடு என்று குறைத்துவிடுவார்கள். பழக்கடையிலிருந்து தர்பூசணித் தோலாக வந்து இறங்கும். குதிரைகள் அதைத் தின்கிற சத்தத்தைக் கேட்டாலே நமக்குத் தாகம் அடங்கும். வெளியே ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்; ஹாரன் ஓயாது.

இந்தச் சத்தத்துக்கெல்லாம் கொஞ்சமும் அசராத குதிரை ஒன்று உண்டு. ரோஜா. வெள்ளைக் குதிரை, வயதானது. இங்கே வருவதற்கு முன்பு மாப்பிள்ளை ஊர்வலக் குதிரை. காசிமேடு, வண்ணாரப்பேட்டை, ராயபுரம் என்று எத்தனையோ மாப்பிள்ளைகளைச் சுமந்தது. பேண்டு வாத்தியம் காதுக்குப் பக்கத்தில் அலறும். காலடியில் சரவெடி வெடிக்கும். அது பாட்டுக்குப் போகும். மாப்பிள்ளைகள் எல்லாம் காருக்கு மாறிவிட்டபோது அண்ணாச்சி அதை வாங்கினார். கூடவே அதை வளர்த்த சம்பத்தும் வேலைக்கு வந்துவிட்டார். புளியந்தோப்புக்காரர்.

"எம்மாம் சத்தத்துக்கும் மெர்சலாவாது அண்ணாச்சி. ஊனமானவங்களுக்கு இத வுட்டா வேற குதிர கெடைக்காது" என்று சம்பத் சொன்னாராம். சத்தியமான வார்த்தை. ஆனால் ஊர்வலக் குதிரைக்கு இன்னொரு வித்தையும் தெரியும் என்பதை அண்ணாச்சி அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இனி மேகலா.

வியாசர்பாடி. முப்பதுகளின் கடைசியில் இருக்கிறாள். குழந்தையில் வந்த போலியோவில் இரண்டு கால்களும் செயலற்றுப் போய்விட்டன. பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் தானே ஓட்டிக்கொண்டு வருவாள். ஒரு மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. போனில் கேட்டால் தேன் ஒழுகும் — "வணக்கம், உங்களுக்கு நான் எப்படி உதவலாம்?" போனை வைத்ததும், "இன்னாக்கா, வெயில்ல கருவாடா ஆயிட்டே" என்பாள். இரண்டும் ஒரே வாய்தான் என்று நம்ப எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

முதல் நாள் ரோஜா மேல் ஏறி உட்கார்ந்தவள், வெகுநேரம் பேசவே இல்லை. நாங்கள் பயந்துவிட்டாளோ என்று பார்த்தோம். மெல்லக் குனிந்து ஜெயராணியைப் பார்த்துச் சொன்னாள்:

"ஜெயராணிக்கா, உச்சில உனக்கு இம்மாம் நரை கீதா?"

பிறந்ததிலிருந்து எல்லோரையும் அண்ணாந்து பார்த்தே பழகியவள். எங்கள் உச்சந்தலைகளை அன்றுதான் பார்க்கிறாள். ஒவ்வொருவராகப் பார்த்துக் கமென்ட் அடித்தாள். அண்ணாச்சியின் வழுக்கையைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுதினால், அப்புறம் நான் யார்டுக்குள் நுழையமுடியாது.

ஒருமுறை இருவரும் ஹோட்டலுக்குப் போனோம். சர்வர் என்னிடம் வந்து, "இவங்களுக்கு என்ன வேணும்?" என்று அவளைக் காட்டிக் கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் வாயைத் திறக்கும் முன் மேகலா டெலிபோன் குரலில், "எனக்கு ஒரு நெய் ரோஸ்ட். மேடத்துக்கு என்ன வேணும்னு அவங்களையே கேட்டுக்கோங்க" என்றாள். சர்வர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறியது.

அந்தச் சர்வரை நாங்கள் அன்று எவ்வளவு திட்டினோம்... சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

யார்டில் ஒரு விதி உண்டு. மேலே இருப்பவர் கத்தினால் இறக்கிவிடவேண்டும். யோசிக்கக்கூடாது. முன்னால் கயிற்றைப் பிடித்து நடத்துகிறவர் குதிரையின் தலையைப் பிடித்து நிறுத்துவார். பக்கத்துக்கு ஒருவராகக் கூடவே நடக்கிற இரண்டு பேரில் ஒருவர் காலை விடுவிப்பார். இன்னொருவர், இடுப்பில் கட்டிய கைப்பிடி பெல்ட்டைப் பற்றி ஆளைத் தன் மார்போடு இழுத்து மணலில் இறக்குவார். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

இதற்கு வாராவாரம் ஒத்திகை நடக்கும். சம்பத் குதிரை மேல் உட்கார்ந்து, "யம்மா... வுயப் போறேன்" என்று கத்துவார். அண்ணாச்சியும் ஜெயராணியும் அவரை இழுத்துப் போடுவார்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் அண்ணாச்சி அதில் சிரிக்கமாட்டார். "ஒரு தடவ தப்பாச்சுன்னா அந்தத் தாய் தகப்பனுக்கு நான் என்னத்தச் சொல்லுவேன்?" என்பார். அவர் மகன் அப்படி விழுந்து எழுந்தவன்தான். அந்தப் பயம் அவருக்கு இன்னும் போகவில்லை.

கத்திரி தொடங்கிய சமயம் அது. ஒரு சனிக்கிழமை மாலை. ரோஜா மேல் மேகலா. முன்னால் சம்பத். வலப்பக்கம் அண்ணாச்சி, இடப்பக்கம் ஜெயராணி. நான் வழக்கம்போல் மேலே, ஹோஸ் பைப்போடு.

வெளியே ரோட்டில் ஒரு சாவு ஊர்வலம் வந்தது. நல்ல சாவு போலிருக்கிறது. மோளம் பிளந்து கட்டியது. மதில் சுவருக்கு மேலே ரோஜாப்பூவும் சாமந்தியும் எழும்பி எழும்பி விழுந்தன. யாரோ விசில் அடித்தார்கள்.

ரோஜாவின் காதுகள் இரண்டும் முன்னால் வந்தன. கழுத்து வளைந்தது. முன்னங்கால் ஒன்று மேலே எழும்பி, ஒரு கணம் நின்று, தாளத்துக்குச் சரியாகக் கீழே இறங்கியது. அப்புறம் மற்ற கால். பாவம், அதற்குச் சாவு மோளம் எது, கல்யாண மோளம் எது என்று தெரியுமா? எத்தனை வருஷப் பழக்கம். ஆடத் தொடங்கிவிட்டது.

மேலே மேகலா இப்படியும் அப்படியும் சாய்ந்தாள். இரண்டு கைகளும் மேலே போயின. "ஏஏஏய்..." என்று ஒரு கூச்சல்.

"இறக்கு" என்றார் அண்ணாச்சி.

சம்பத் தலையைப் பிடித்தார். ஜெயராணி காலை விடுவித்தாள். அண்ணாச்சி பெல்ட்டைப் பற்றி இழுத்து, மார்பில் தாங்கி, மணலில் இறக்கிவிட்டார். ஒத்திகையில்கூட இவ்வளவு சுத்தமாக நடந்ததில்லை. பைப்பைப் போட்டுவிட்டு நான் ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மேகலாவுக்கு முழங்கையில் மட்டும் சிராய்ப்பு. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ஹெல்மெட்டுக்குக் கீழே கன்னமெல்லாம் ஈரம். எங்களையே மாறி மாறிப் பார்த்தாள்.

"பயப்படாதம்மா... ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. முடிஞ்சுபோச்சு" என்று ஜெயராணி அவள் தலையைத் தடவினாள்.

"முடிஞ்சிபோச்சா?" என்று கேட்டாள் மேகலா.

"ஆமாம்மா. முடிஞ்சுபோச்சு."

அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் குடித்தாள். ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டாள். மோளச் சத்தம் அதற்குள் ரொம்ப தூரம் போயிருந்தது.

பயம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். சந்தேகமே இல்லை. விழுகிற ஆளை எப்படிப் பார்க்கவேண்டும் என்று அத்தனை சனிக்கிழமை பழகியிருந்தோம் அல்லவா? கை மேலே போனால் விழுகிறாள். கூச்சல் போட்டால் பயப்படுகிறாள். அதற்கு வேறு அர்த்தம் இருக்கும் என்று யாருக்காவது தோன்றியிருக்க வேண்டாமோ?

அடுத்த வாரம் மேகலா வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. போன் செய்தால், "அம்மா கைல சிராய்ப்ப பாத்துட்டாங்கக்கா. குதிர பேச்சே எடுக்கக்கூடாதுன்னு ஒரே பேஜாரு" என்றாள். சரி, அம்மாவைச் சாக்குச் சொல்கிறாள், உள்ளுக்குள் பயம் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம்.

அண்ணாச்சி அன்றிரவிலிருந்து சரியாகத் தூங்கவில்லை என்று ஜெயராணி சொன்னாள். ரோஜாவைப் பொன்னேரிப் பக்கம் ஒரு மாந்தோப்புக்கு அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தாராம். அப்புறம் மனசு கேட்காமல் வேறு வழி கண்டுபிடித்தார்.

"அந்தப் பிள்ள திரும்பி வரும்போது பயமில்லாம ஏறணும் சம்பத்து. இதோட ஆட்டத்த மறக்கடிச்சுரு."

சம்பத் தலையைச் சொறிந்தார். "எம்மாம் பாடுபட்டுக் கத்துக்குடுத்தது தெரியுமா அண்ணாச்சி? கல்யாண வூட்டுல இது ஆட்றத பாக்கத்தான் கூட்டமே வரும்."

"தெரியும்டே. ஆனா இப்போ அது கல்யாண வீட்டுலயா நிக்கி?"



மறுநாளிலிருந்து வைத்தியம் ஆரம்பம். வெயில் ஏறும் முன், சம்பத் ஒரு சின்ன ஸ்பீக்கரில் மோளத்தைப் போடுவார். முதலில் மெல்லிசாக. ரோஜா காலைத் தூக்கும். சத்தம் நின்றுவிடும். ஒன்றும் கிடைக்காது. நான்கு காலும் தரையில் இருந்தால் ஒரு துண்டு வெல்லம். மறுபடி மோளம். காலைத் தூக்கினால் ஒன்றுமில்லை, நின்றால் வெல்லம். நாளுக்கு நாள் சத்தத்தைக் கூட்டினார்.

நான் அதைப் பார்த்திருக்கிறேன். தொடக்கத்தில் ரோஜா சம்பத்தின் முகத்தையே பார்க்கும். என்ன தப்பு செய்தோம் என்று கேட்கிற மாதிரி இருக்கும். இந்த மனிதர்தானே ஆடச் சொன்னவர்? சம்பத் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். புத்திசாலிக் குதிரை அது. சீக்கிரமே புரிந்துகொண்டது. ஒரு நாள் ஸ்பீக்கர் முழுச் சத்தத்தில் அலற, அது கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றது. நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். நான் பலமாகவே தட்டினேன்.

சம்பத் மட்டும் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, "முட்சிட்டேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விட்டார்.

போன சனிக்கிழமை மாலை, வாசலில் மேகலாவின் ஸ்கூட்டர் சத்தம்.

"ஓவர்டைம்னு அம்மாகிட்ட டுபாக்கூர் வுட்டுட்டு வந்துகீறேன். காட்டிக்குடுத்துடாதீங்க" என்று சிரித்தாள். புது சுடிதார். தலையில் மல்லிகைப்பூ — அதன் மேல் ஹெல்மெட் போடவேண்டும் என்பதுகூட அவளுக்கு ஞாபகமில்லை. நாற்காலியைச் சாய்தளத்தில் தள்ளிக்கொண்டு போகும்போது ஏதோ சத்தம் கேட்டுக் குனிந்து பார்த்தேன். இரண்டு கால்களிலும் கொலுசு. அந்தக் கால்களில் நான் கொலுசு பார்த்ததே கிடையாது.

"என்னடி, விசேஷமா?" என்றேன்.

"சும்மாக்கா" என்றாள். வெட்கப்பட்டாள். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

ரோஜா மேல் உட்கார்ந்தாள். வலப்பக்கம் அண்ணாச்சி, இடப்பக்கம் ஜெயராணி. இரண்டு சுற்று போனார்கள். மேகலா அடிக்கடி மதில் சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது சுற்றில் அண்ணாச்சியால் பொறுக்கமுடியவில்லை. பரிசை மறைத்து வைத்திருக்கிறவரின் முகம்.

"சம்பத்து... அந்த மோளத்தப் போடு."

மேகலா திடுக்கிட்டு அவரைப் பார்த்தாள். "நெஜமாவா அண்ணாச்சி?"

"நெசமாத்தாம்மா. நீ பயப்படாம பாரு."

அவள் முகம் அப்போது மலர்ந்த மாதிரி நான் எந்தக் கல்யாணப் பெண் முகத்திலும் பார்த்ததில்லை. பிடியைப் பற்றியிருந்த கைகளை எடுத்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்களை மூடிக்கொண்டாள்.

சம்பத் ஸ்பீக்கரைப் போட்டார். மோளம் அடித்தது. மதில் வரை அதிர்ந்தது.

ரோஜா நின்றது.

மேகலா காத்திருந்தாள். தாளம் ஏறியது. ரோஜா நான்கு கால்களையும் ஊன்றிக்கொண்டு, கழுத்தைத் திருப்பிச் சம்பத்தின் சட்டைப் பையை மோந்து பார்த்தது. வெல்லத்துக்காக.

மேகலா கண்ணைத் திறந்தாள். முன்னால் சாய்ந்து, அதன் கழுத்தைத் தட்டினாள். "ஏய் ரோஜா... ஆடுடி."

அது ஆடவில்லை.

"இன்னா ஆச்சி இதுக்கு? ஒடம்பு சரியில்லியா?"

"ஒண்ணும் ஆகல. இனிமே ஆடாது" என்றார் அண்ணாச்சி பெருமையாக. "உனக்காகத்தாம்மா. ஒரு மாசமாப் பாடுபட்டு ஆட்டத்தையே மறக்கடிச்சுட்டோம். இனி நீ நிம்மதியா உக்காந்துக்கிடலாம்."

சம்பத் ஸ்பீக்கரை அணைத்தார்.

மேகலா அழுதாள். சத்தம் போட்டு இல்லை. ரோஜாவின் பிடரியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, தோள் குலுங்க அழுதாள். ஜெயராணி பழக்கதோஷத்தில் அவள் காலை விடுவிக்கப் போனாள்.

"கைய எட்றீ" என்றாள் மேகலா. அக்கா என்று சொல்லவில்லை.

பிறகு தானே சொன்னாள். என் காதில் இன்னும் நிற்கிறது.

"எங்க ஏரியால கல்யாணம், சாவு, திருவிழா எல்லாத்துக்கும் மோளம் உண்டுக்கா. மோளம் வந்தா வூட்டுல ஒர்த்தரும் இருக்க மாட்டாங்க. எல்லாம் எறங்கி ஆடும். என்னிய மட்டும் சேரோட ஓரமா வுட்டுட்டு, பையி, செருப்பு, செல்போனு எல்லாத்தயும் என் மடில போட்டுட்டுப் போவாங்க. நான் கை தட்டிகினு குந்தினு இருப்பேன். அன்னிக்கு... இது காலத் தூக்குச்சி பாரு. என் இடுப்பு ஆடிச்சிக்கா. நான் ஆட்டல. தானா ஆடிச்சி. காலு ரெண்டும் ஆடிச்சி. நான் ஆடினேன். கத்தாம இன்னா பண்றது? அதுக்குள்ள இஸ்து கீய போட்டுட்டீங்க."

 வெளியே லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

"அப்போவே சொல்லியிருக்கலாமேம்மா..." என்றாள் ஜெயராணி. 

"யாருக்கா கேட்டீங்க? பயப்படாத, பயப்படாதன்னு சொன்னீங்க. அப்பால அம்மா வேற. போன்ல சொன்னா சிரிப்பீங்களோன்னு வெக்கமா இருந்திச்சி. நேர்ல வந்து கேக்கலாம்னு வந்தேன்."

கேட்க வந்தவள்தான் அவள். பூ வைத்துக்கொண்டு, கொலுசு போட்டுக்கொண்டு, அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, இன்னொரு தடவை என்று கேட்க வந்திருக்கிறாள். நாங்கள் முந்திக்கொண்டுவிட்டோம்.

நான் சம்பத்தைப் பார்த்தேன். "திரும்பக் கத்துக்கொடுக்க முடியாதா?"

"வெல்லத்த மாத்திக் குடுத்தா மறுபடி ஆடும்மா. அது இன்னா, நாம சொல்றத செய்யிற சீவன்" என்றார் சம்பத். சொல்லிவிட்டு அண்ணாச்சியைப் பார்த்தார். மேகலாவும் அண்ணாச்சியைத்தான் பார்த்தாள்.

அண்ணாச்சி பெல்ட்டின் கைப்பிடியை இன்னும் விடவில்லை. கண் கலங்கியிருந்தது. 

"எனக்குப் புரியுதும்மா. சத்தியமாப் புரியுது. ஆனா அன்னைக்கு அது தெரியாம நடந்தது. தெரிஞ்சே ஆடுத குதிர மேல உன்ன நான் எப்படி ஏத்துவேன்? நீ விழுந்தன்னா... என்னால முடியாதும்மா. என்னைய மன்னிச்சிரு."

அவரை வில்லனாக்கிவிட எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் ஏற்றிவிடுவீர்களா? அவள் வீட்டில் போய், "ஆடுகிற குதிரையில் உட்காரவைக்கிறோம், விழுந்தால் விழட்டும்" என்று சொல்வீர்களா? நானும் சொல்லமாட்டேன். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. தப்பு யாராவது செய்திருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

மேகலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சண்டை போடவில்லை. டெலிபோன் குரலும் இல்லை, வழக்கமான குரலும் இல்லை. இதுவரை நான் கேட்காத ஒரு குரல்.

"கரீட்டுதான் அண்ணாச்சி. எங்கள மாதிரி ஆளுங்களுக்கு ஒரு சந்தோசம் வரணும்னா, பாத்துக்கிறவங்க கொஞ்சம் அசந்திருக்கணும். நீங்க யாரும் அசர மாட்டீங்க."

பிறகு ரோஜாவின் கழுத்தைத் தடவி, "உம்மேல ஒரு தப்பும் இல்லடி" என்றாள். சம்பத் பையிலிருந்த வெல்லத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அதை ரோஜாவுக்கு ஊட்டினாள். அது சப்புக்கொட்டித் தின்றது. மிச்சமிருந்த சுற்றையும் முடித்துக்கொண்டுதான் இறங்கினாள்.

அன்று நாங்கள் மூன்று பேரும் ஒரே காரில் ராயபுரம் திரும்பினோம். இறங்கும்போது அண்ணாச்சி தனக்குத்தானே, "பயந்தியான்னு ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்" என்றார். ஜெயராணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நம் வீடுகளிலும் இதேதான் நடக்கிறது என்று தோன்றுகிறது. ஆபரேஷன் முடிந்த மாமனாருக்குக் காய்கறி வாங்கப் போகும் வேலையை நிறுத்துகிறோம். கண் மங்கிய அத்தையை அடுப்பங்கரைக்கு வரவிடுவதில்லை. எல்லாம் அன்பில்தான். "பார்த்து, பார்த்து" என்கிறோம். அவர்கள் என்ன பார்த்தார்கள் என்று கேட்பதற்குத்தான் நமக்கு நேரம் இருப்பதில்லை.

புதன்கிழமை மேகலாவுக்குப் போன் செய்தேன். ஆஸ்பத்திரி நம்பருக்கே. வணக்கம் சொல்லி ஆரம்பித்தவள், என் குரலைக் கேட்டதும் நிறுத்தினாள்.

"இந்தச் சனிக்கிழமை வருவியா?" என்றேன். வரமாட்டாள் என்று நினைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

 "வர்றேன்க்கா. வராம எங்க போவப் போறேன்? மேல குந்துனா உங்க மண்டையெல்லாமாச்சும் தெரியும்" என்றாள். சிரிக்க முயற்சி செய்தது தெரிந்தது. நானும் சிரிக்க முயற்சி செய்தேன். வேறு ஒரு லைன் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாள்.

நாளைக்குச் சனிக்கிழமை. மேகலா வருவாள். ரோஜா ஒழுங்காக நடக்கும். ரோட்டில் எந்த மோளம் போனாலும் அசையாது.

எல்லோரும் ரொம்பப் பத்திரமாக இருப்போம்.